இஞ்சி டாக்டர்

இல்ல தம்பி, என் வீட்டுக்காரி இப்ப இல்ல. இந்த மழைக்கு முன்னாடியே போயிட்டா. மாடிவீட்டம்மா சொல்லலையா? டீயப் பத்தி மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்களாக்கும். பரவால்ல, எழுந்திரிக்காதீங்க. தப்பா ஒண்ணும் கேட்டுடல. உக்காருங்க.

கடைசியா அவள உயிரோட பாத்தது ஆஸ்பத்திரி லிப்ட்லப்பா. தள்ளுவண்டியோட உள்ள ஏத்திட்டாங்க, எனக்கு எடமில்லன்னுட்டாங்க. கதவு மூடப் போவுது, தலையக் கொஞ்சமாத் தூக்கி, ஏங்க, அடுப்ப அணைச்சீங்களான்னா. அணைச்சுட்டேன், நீ போன்னேன். கதவு மூடிக்கிச்சு. அவ்வளவுதான். ஆயுசு பூரா கூட இருந்துட்டு கடைசிப் பேச்சு அடுப்பப் பத்தி. சிரிப்பு வந்தா சிரிங்க, நானும் சிரிச்சிருக்கேன்.

சரி, நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம். உங்க சம்சாரத்துக்கா? முட்டியா, விரலா? ம். காலைல மடக்க வரல, பட்டன் போட முடியல. அதேதான். என் வீட்லயும் அதே கதைதான்.

நாங்க ரெண்டு பேரும் ஒரு பெரிய ஓட்டலோட சலவைக்கூடத்துல வேலை. அவ தண்ணித் தொட்டிப் பக்கம், நான் இஸ்திரி மேஜை. ஈரப் படுக்கை விரிப்ப ஆளுக்கொரு முனையாப் புடிச்சு முறுக்குவாங்க. இவ முறுக்குற முறுக்குல எதிர்ல நிக்கிற பொம்பளையும் சேர்ந்து சுத்துவா. அவகூட ஜோடி சேரவே பயப்படுவாங்க. அப்படிப்பட்ட கைப்பா. அது கோழிக்கால் மாதிரி சுருண்டு போச்சு. ஒரு டம்ளர் தூக்க ரெண்டு கையும் வேணும்.

அவளால முடியாமப் போன கொஞ்ச நாள்லயே ஓட்டல்காரங்க மிஷின் எறக்கிட்டாங்க. என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இங்கதான், நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாக்காலியில உக்காந்து எதிர்ச் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பொழுது போவணுமே. அவ கைக்கு என்ன பண்ணலாம்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கேக்க ஆரம்பிச்சேன். கல்லுப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுன்னாரு ஒருத்தர். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சுன்னாரு இன்னொருத்தர். நொச்சி இலைய வேக வச்சு அந்த ஆவியில கையக் காட்டச் சொன்னாங்க. துண்ட இஸ்திரிப் பெட்டியாலயே சூடு பண்ணி விரல்ல போத்தி விடுவேன், அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. எல்லாம் சொகமாத்தான் இருக்கும். துணி ஆறினதும் வலி திரும்ப வந்து உக்காந்துக்கும்.

அப்புறம்தான் இந்த டீ. இருங்க, போட்டே காட்டறேன். இப்படி வாங்க, கதவு நெலை தாழ்வு, தலையப் பாத்து. இஞ்சியத் தோல் சீவிட்டுத் தட்டணும், அரைச்சுடக் கூடாது. ரெண்டு மிளகு. மொதல்ல வெறுந் தண்ணியில கொதிக்கட்டும், அப்புறம் டீத்தூள். பாலும் இஞ்சியும் ஒண்ணாப் போட்டா திரிஞ்சுடும், கடைசியாத்தான் பாலு. வெல்லம் அதுக்கும் அப்புறம். அவ்வளவுதாம்பா, பெரிய ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல.

கொஞ்ச நாள் குடிச்சா. ஒரு நாள் காலைல தலைய அவளே பின்னிக்கிட்டு வந்து முன்னாடி நின்னா. அது வரைக்கும் நான்தான் பின்னி விடுவேன், கயித்துக்கட்டில் பின்ற மாதிரி இருக்கும். ஏன்டி, எப்படிடின்னேன். உங்க டீதான், வேற என்னன்னா. நான் குதிச்ச குதி இருக்கே, கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாரு.

அதுலேர்ந்து தெருவே இங்கதான். மாடிவீட்டம்மா முட்டிக்கு வருவாங்க. காய்கறிக்காரர் சளிக்கு வருவாரு. எதிர்வீட்டு வாத்தியாருக்கு ஒரு வலியும் கிடையாது, டீ ஓசின்னு வருவாரு. காலைல யாராவது கதவத் தட்டினா இவ, டாக்டரே, சட்டையப் போட்டுக்கிட்டுப் போய்த் தொறங்க, நோயாளிங்க வந்தாச்சும்பா. பக்கத்துல உக்காந்துக்கிட்டு விரல மடக்கி நீட்டிக் காட்டுவா எல்லாருக்கும். எங்க வீட்டுக்காரர் கைராசிம்பா.

ஒரு நாள் இஞ்சி போடவே மறந்துட்டேன் தம்பி. வெறும் டீயத்தான் குடுத்திருக்கேன், அப்புறம் பாத்தா இஞ்சி அம்மி மேல தட்டினபடியே கெடக்கு. ஓடிப் போய்க் கேட்டா, இன்னைக்கு விரல் ரொம்ப லேசா இருக்குங்கன்னா. எனக்கு அப்பவும் உறைக்கல. நேத்துக் குடிச்சது இன்னும் வேலை செய்யுதுன்னேன்.

அப்புறம் வயிறு எரியுதுன்னு ஆரம்பிச்சா. காரம் ஜாஸ்தியாயிடுச்சு போலன்னு இஞ்சியக் குறைச்சேன். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன், சீரகத்தண்ணி குடுத்தேன். இப்ப தேவலைன்னா. எதக் குடுத்தாலும் தேவலைதான் அவளுக்கு. ஒரு நாள் குளியலறையில வாந்தி. கறுப்பா, பொடிப் பொடியா. டீத்தூள்னே நெனச்சேன்பா. வடிகட்டி கிழிஞ்சிருக்கோன்னு அதப் போய்ப் பாத்தேன்.

இந்தாங்க, குடிங்க. சூடு, பாத்து.

ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பொண்ணுதான் டாக்டர். அது டீத்தூள் இல்ல, வயித்துப் புண்ணுலேர்ந்து கசியுற ரத்தம்னுச்சு. வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேட்டுச்சு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, ஒரு மாத்திரை கூட கிடையாதும்மா, எல்லாம் கைவைத்தியந்தான்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தலைவலிக்குக் கூட கிடையாதான்னுச்சு. எங்க வீட்ல மாத்திரைங்கிற பேச்சே இல்லன்னேன். இவ கண்ணத் தொறந்து ஏதோ சொல்ல வாயெடுத்தா. நீ பேசாதே, நான் சொல்லிக்கறேன்னு கைய அமுக்கினேன். என் மூஞ்சியவே பாத்தா கொஞ்ச நேரம். அப்புறம் கண்ண மூடிக்கிட்டா. அப்படியே லிப்ட்டுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. மேல போய் அவங்ககிட்ட சொன்னாளா என்னன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல.

என்னத்தச் சொன்னாளான்னு கேக்கறீங்களா?

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் தெருமுனை மருந்துக்கடைப் பக்கமாப் போனேன். அங்க நிக்கிற பொண்ணு, ஏன் பெரியப்பா, பெரியம்மா மாத்திரைக்கு வரவேயில்லையேன்னுச்சு. எந்த மாத்திரைன்னேன். விரல் வலிக்கு எப்பவும் வாங்குறதுதான், அட்டையிலேர்ந்து பிதுக்க அவங்களுக்கு வராது, நான்தான் பிதுக்கிப் பிதுக்கிப் பொட்டலம் கட்டிக் குடுப்பேன்னுச்சு. நான் நிக்கிறதப் பாத்துட்டு அதுக்கு பயமாயிடுச்சு பாவம். நான் அப்பவே சொன்னேன் பெரியப்பா, வெறும் வயித்துல போடாதீங்க, டாக்டரப் பாருங்கன்னேன், வீட்ல சொல்லிட்டுத்தான் சாப்பிடுங்கன்னேன். அவருக்கு இந்த டீ ஒண்ணுதான்டி இருக்கு, அதையும் நான் புடுங்கணுமான்னாங்கன்னுச்சு.

டம்ளரக் கீழ வைக்க வேணாம் தம்பி, நீங்க குடிங்க. டீ ஒண்ணும் கெடுதல் இல்ல. தொண்டைக்கு நல்லது, சளிக்கு நல்லது. விரலுக்கான்னு கேட்டா எனக்குத் தெரியாதுப்பா. அது தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். உங்க சம்சாரத்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நல்லா இருக்குன்னு அவங்க சொன்னா, உடனே குதிச்சுடாதீங்க. பக்கத்துல உக்காந்து இன்னொரு தரம் கேளுங்க.

பொட்டலம் அவ மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்துச்சு, கண்ணாடி தொடைக்கிற துணிக்கு அடியில. இன்னும் கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருக்கு. பிதுக்கி வச்ச மாத்திரை காத்து பட்டா மஞ்சளாயிடுமாம், அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்படியெல்லாம் ஆகல. வெள்ளையாத்தான் இருக்கு.