புகை மணக்கும் விஸ்கி

தமிழ்த் தாலூக்குகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருஷம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், பட்டாளத்தில் இருந்தவர்கள் இருவர் எனக்கு முன்னால் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஸ்காட்ச் விஸ்கி எரிஞ்ச கூரை மாதிரி நாறும்னாக்கும் நான் அப்பம் சண்டைபிடிச்சது” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“அந்தப் புகைதான் ருசியாக்கும். ஐரிஷ் வெறும் தேன்தண்ணி.”

“எனக்கத் தம்பியும் இதையேதான் சொல்லுவான். நம்ம தாலூக்கு தமிழ்நாட்டோட சேருத அன்னைக்கு ரெண்டு குப்பியையும் பொட்டிச்சு, எது நல்லதுன்னு பாக்கலாம்னு வச்சிருந்தோம்.”

“வச்சிருக்கியா?”

“இல்ல மக்கா. ஊர்வலத்துல போலீஸ் துப்பாக்கி எடுத்து வெடிவச்சதுல அவன் போயிட்டான். பதினாறாம்நாள் காரியம் கழிஞ்சு நான் ஒத்தைக்கு ரெண்டையும் குடிச்சேன்.”

மற்றவர் மெல்லக் கேட்டார்.

“எது நல்லா இருந்திச்சு?”

“அவன் சொன்னதாக்கும் சரி. அத அவன்கிட்ட சொல்ல முடியல்லியே.”