கேட்ட போர்டும் கேட்காத போர்டும்

"அண்ட சராசரங்களை அசையாம இருந்தே ஆட்டிவைக்கிற பெருமானே! உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு... இது மட்டும் உன் ஆட்சிக்கு வெளியிலயா? வாம்மா, வா. நீயே பாரு இந்த அநியாயத்தை!"

இறைவனிடம் தொடங்கிய முறையீட்டை வாசலில் நின்ற பெண்ணிடம் திருப்பினார், பிரார்த்தனைக் கூடத்தின் மின்கருவிகளைப் பேணும் கூடத்து மாமா. அவள் மாடியிலுள்ள பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். அவசரமாக ஒன்றைச் சொல்ல வந்தவள். வாய் திறக்கும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை.

"சாயங்காலக் கூட்டத்துக்குப் பாட்டு வரியெல்லாம் சுவத்துல தெரியணும். இந்தப் போர்டே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதை ஓட்டற சிஸ்டத்தை இதுல ஏத்தணும், அவ்வளவுதானே? என் மச்சினர் இருக்காரே, மகானுபாவர், 'கடையில ஏத்தினதாவே வாங்கிடுங்க மச்சான்'னாரு. விடுவேனா? நெட்வொர்க் வழியாவே ஏத்திக் காட்டறேன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். இப்ப முன்வரிசையில உக்காந்து சிரிக்கறதுக்குன்னே பல்லு தேச்சுட்டு வருவாரு... உக்காரும்மா, ஏன் மாடியையே காட்டற?

"வழி ரொம்ப சுலபம். போர்டை ஆன் பண்ணினா, 'யாராவது சிஸ்டம் குடுங்க'ன்னு ஒயர்ல கேக்கும். அதோ, அந்தப் பழைய கம்ப்யூட்டர் 'இந்தா'ன்னு அனுப்பும். ஏறினதும் பாட்டு தானா ஓடும். இன்ன போர்டுக்கு மட்டும் குடுன்னு நம்பர் போட்டுப் பூட்டச் சொல்லிச்சு அந்தப் பழைய கம்ப்யூட்டர். எனக்கு மனசு வரலை. வாசல்ல வந்து கேக்கறவனை, 'நீ யாரு, உன் நம்பர் என்ன'ன்னு விசாரிக்கறதா? யார் கேட்டாலும் குடுன்னு எழுதிட்டேன்.

"குடுத்தும் இருக்கு, அதுதான் வேடிக்கை! 'ஒரு போர்டுக்கு ஏத்தி முடிச்சாச்சு'ங்குது அது. இது முழிக்குது! ஒயரை மாத்தினேன். ஊதினேன். கும்பிட்டேன். திட்டினேன்... அது உன் காதுல விழலையே? என்னம்மா, போனை மூஞ்சிக்கு நேரா நீட்டற? இரு, கண்ணாடி..."

செல்பேசிப் படத்தில் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை தெரிந்தது. டோக்கன் எண் இருக்க வேண்டிய திரையில் வேறேதோ ஒளிர்ந்தது.

"அட, நம்ம பாட்டு! 'அழுதது போதும், வாய் திறந்து பாடுவோம்'... கன்னத்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறவங்க முன்னாடியா! பாவம், அந்தப் பெரியவர் பாடறாரா, அலறறாரா? உங்க திரைக்குப் பின்னாடியும் இதே போர்டா? மேலயும் கீழயும் ஒரே நெட்வொர்க்தானே... காலையில அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினியா? அது கேட்டிருக்கு, நான் குடுத்திருக்கேன். அப்ப என் போர்டு ஏன்... ஐயோ! 'ஒயர்ல கேளு'ன்னு முதல்ல அதுக்குச் சொல்லி வைக்கணும். உங்க போர்டுக்கு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க, என் போர்டுக்கு நான் சொல்லவே இல்லை! வாயே திறக்காததை நாள் பூரா திட்டியிருக்கேன்...

"சரி விடு. சாயங்காலம் மட்டும் உங்க போர்டைக் குடு. நாளைக்கு டோக்கனைத் திரும்ப ஏத்தித் தரேன், நெட்வொர்க் வழியாவே... ஏம்மா, ஏன் ஓடற?"

அவள் மாடியேறினாள், மருத்துவமனையின் போர்டோடு திரும்பினாள். அதை மேசைமேல் வைத்தாள். மூலையிலிருந்த ஒலிபெருக்கியையும் மைக்கையும் கழற்றினாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு மறுபடி மாடியேறினாள். சற்று நேரத்தில் கூரை அதிர்ந்தது:

"டோக்கன் பதினேழூ!"

அன்று மாலை பாட்டு வரிகள் சுவரில் பிழையின்றி ஒளிர்ந்தன. மச்சினரின் பற்கள் கடைசிவரை வெளிப்படவில்லை. மைக் இல்லாமையால் மாமாவின் முன்னுரை மட்டும் முன்வரிசையைத் தாண்டவில்லை. பின்வரிசையார் அதனைத் திருவருள் என்றே கொண்டனர்.

இதைச் செவிமடுத்தோர் அனைவரும் பல்வலியின்றி, பேச நினைத்ததைப் பேசும் வாய்ப்பும் பெற்று, நீடு வாழ்க.