நோய் இல்லாத ஸ்லைடு

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தோழர்களே, மருத்துவ, பல் மருத்துவ மாணவச் செல்வங்களே, எங்கள் அக்காவை இத்தனை காலம் எங்களுக்கு விட்டுக்கொடுத்த அவருடைய கணவர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நோய்க்குறியியல் துறைத் தலைவர், தேர்வுக் குழுத் தலைவர், மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘சந்தேக மேடம்’ என்று அழைத்த எங்கள் அக்கா இன்று இல்லை. பதறாதீர்கள், அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். “நல்ல பேருதானே வச்சிருக்காங்க, விடுங்க” என்று சிரிப்பார்.

அவர் நடத்திய தேர்வை யாரால் மறக்க முடியும்? உறவினர்களுக்காகச் சொல்கிறேன். நீள மேசையில் வரிசையாக மைக்ரோஸ்கோப்புகள். ஒவ்வொன்றிலும் சதைத் துணுக்கு ஒட்டிய ஒரு கண்ணாடி ஸ்லைடு. பார்த்து, என்ன நோய் என்று எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். ஆனால் ஒன்றில் மட்டும் நோயே இருக்காது! நல்ல ஈறு, நல்ல கல்லீரல், ஏதோ ஒன்று. பரீட்சை என்றால் கோளாறு இருந்தே தீரும் என்று நம் பிள்ளைகள் அதிலும் புற்றுநோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு வருவார்கள்.

பிள்ளைகளை விடுங்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரே அந்த ஈறைப் பார்த்துவிட்டு, “ஆரம்பக் கட்டப் புற்றுநோய், சரிதானே?” என்றார்.

“சார், அது நல்லா இருக்கற ஈறு.”

“நோயே இல்லாததை எதுக்கும்மா பரீட்சையில வைக்கறீங்க?”

“எது நல்லா இருக்குன்னு தெரியாதவங்க, எது கெட்டுப்போச்சுன்னு எப்படி சார் சொல்வாங்க?”

அவர் முகம் போன போக்கு! அன்று மதியம் அவர் எங்களோடு சாப்பிடவில்லை.

தேர்ச்சி குறைகிறது, பிள்ளைகளை ஏமாற்றுகிறார் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் கிளம்பியது. ஏமாற்றா அது? இதோ, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவரைக் கேளுங்கள். அந்த ஸ்லைடில் கோட்டைவிட்டுத் தோற்று, வெகுநாள் அக்காவோடு பேசாமல் இருந்தவர். போன ஆண்டு ஒரு பேருந்து ஓட்டுநருக்கு வாயில் புற்றுநோய் என்று சொல்லி, தாடையில் பாதியை எடுக்க நாளும் குறித்துவிட்டார்கள். ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் இவர். பல்செட் உரசி வந்த புண், ஆறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்!

அக்காவுக்குப் போன் செய்தார். “மேடம், புற்றுநோய் இல்லைன்னு எழுதப் போறேன். கை நடுங்குது.”

“நல்லாப் பாத்தியா?”

“திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் மேடம்.”

“அப்போ நடுங்கட்டும். எழுதும்மா.”

அந்த ஓட்டுநர் முழுத் தாடையோடு இன்றும் வண்டி ஓட்டுகிறார்.

முதல்வர் அவர்களே, அக்காவின் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். இனி அந்த ஸ்லைடு வேண்டாம் என்றும், என் சம்மதம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று, இத்தனை பேர் கேட்கச் சொல்கிறேன். சம்மதம் இல்லை! வேண்டுமானால் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான் இருக்கும்வரை நோய் இல்லாத ஸ்லைடும் இருக்கும்.

மாணவர்களே, திங்கட்கிழமைத் தேர்வைத் தள்ளிவைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படியுங்கள். நல்ல ஈறு எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.