டயரின் உள்பக்கம்

‘ஞாயிறு மாலை, மழை, சிங்கப்பூர் ஜாலான் புசார் வழிப் பேருந்து’ என்று என் குறிப்பு தொடங்குகிறது. முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள்.

“வெளிய பாத்தா டயர் புதுசு மாதிரி இருக்கு மச்சான். உள்பக்கம் கம்பி தெரியுது.”

“காரோட உயரத்தைத் தாழ்த்தினா உள்பக்கம் தேயும்லா. கையால தடவிப் பாத்தியா?”

“ஒரு பக்கமா தடவினா வழுக்குது. திருப்பித் தடவினா ரம்பம்.”

“அப்போ சக்கரம் நேரா இல்ல. கார்ப்பார்க்ல கோன் வச்சு அதைச் சுத்துற ரேஸுக்கு, சட்டுனு திரும்பணும்னு முன்சக்கரத்தை வெளிப்பக்கமா லேசா திருப்பி வச்சியே. அப்புறம் நேராக்கினியா?”

கார்க்காரன் மறுபடியும் போனைக் காதில் வைத்தான்.

“டேய், கம்பி தெரியற டயர் வேகத்துல வெடிச்சிடும்.”

“மறந்துட்டேன். இப்போ அக்கா அந்தக் காரை எடுத்துட்டுப் போயிட்டா. பிள்ளையோட, அந்தக் கோடியில இருக்குற துவாஸுக்கு, எக்ஸ்பிரஸ்வேல. போன் அடிச்சிக்கிட்டே இருக்கேன், எடுக்கல.”

“ஓட்டும்போது உங்கக்கா எடுக்க மாட்டாங்க. ரூல்ஸ் பேசுற ஆளு.”

“இன்னிக்கு ஒரு நாள் ரூல்ஸை மீறக் கூடாதா?”

நண்பன் எழுந்து மணியை அழுத்தினான்.

லிட்டில் இந்தியாவில் இருவரும் இறங்கினார்கள். கார்க்காரன் படியிலேயே போனில் கத்தினான்: “அக்கா, ஓரமா நிப்பாட்டு!” கதவு மூடிக்கொண்டது.

மறுமுனையில் அக்கா பேசினாளா, அல்லது அவன் பதிவுக்குரலிடம் கத்தினானா என்பதை நான் உறுதிசெய்யவில்லை.