அணைத்து அடித்தால் வராத வெளிச்சம்

மூரு, உன்னைப் பற்றி இவர்கள் என்னிடம் மறுபடியும் கேட்கிறார்கள். இறந்தவர் பெயர் என்ன என்று போலீஸ் சார்ஜென்ட் கேட்டதற்கு மூரு என்றுதான் முதலில் வாயில் வந்தது. அது வேண்டாம்மா, அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லுங்கள் என்றார். ஆகவே அட்டையில் உள்ளபடி சொல்கிறேன்.

என் பெயர் யாமு லாபோ. வயது நாற்பத்தாறு. லாவாஸ் டவுனுக்கு மேலே மலையில் இருக்கும் லோங் பெரூங் கிராமத்தில் குடியிருக்கிறேன். நெல் பயிரிடுகிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இறந்துபோன மூராங் டாவாட் என் கணவர். எங்கள் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் ஊருக்கும் டவுனுக்கும் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றி இறக்கிப் பிழைத்தார். பாதை முழுவதும் மரக் கம்பெனி வெட்டிய மண் பாதை.

எங்கள் வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. உள்ளே இருந்த மஞ்சள் பல்பும் பழசு. ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், தண்ணீர் அறுத்துக்கொண்டு போன பள்ளம் தெரியாமல் முன் சக்கரத்தை அதில் இறக்கிவிட்டார். அன்றைக்கு வண்டியில் இருந்தவர் எங்கள் ஊர் மருந்தகத்து நர்ஸ் ரினாய் பாடான். யாருக்கும் அடியில்லை. அதன் பிறகு என் சித்தப்பா மகன் யூடான் கேலி பண்ணத் தொடங்கினான். அவனும் வண்டி ஓட்டுகிறவன்தான், கூரைமேல் விளக்குப் பட்டை வைத்திருக்கிறான். தேவாலயத்து வாசலில் எல்லார் முன்னாலும், "என்ன அத்தான், முன்னாடி ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கீங்க, பின்னாடி சவப்பெட்டி ஏத்தினா ஊர்வலமே போயிரலாமே" என்றான். என் கணவர் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு டவுனுக்குப் போய் நல்ல பல்பாகப் பார்ப்போம் என்றார். நானும் கூடப் போனேன்.

கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று, ஏற்கெனவே இருந்தது போன்ற சாதாரண மஞ்சள் பல்பு. இன்னொன்று அதே மஞ்சள்தான், வெளிச்சம் கூடுதல். ஆனால் அது மின்சாரம் அதிகம் இழுக்கும், பழைய ஒயரில் போட்டால் சாக்கெட் உருகிவிடும், தடித்த ஒயரும் ரிலே என்கிற சுவிட்சும் சேர்த்துப் போட வேண்டும் என்றார் கடைக்காரர். என் கணவர் அதைத்தான் கையில் எடுத்தார். ரிலே ஒயர் செட் கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வெள்ளைப் பல்பு. அதில் கம்பி கிடையாது, உள்ளே வாயு இருக்கிறது, கூட ஒரு சின்னப் பெட்டி வரும், அது மின்சாரத்தை ஏற்றிக் கொடுத்தால் பல்பு பற்றிக்கொள்ளும் என்றார். அதைக் கடைச் சுவரில் அடித்துக் காட்டினார். பட்டப்பகலிலும் சுவர் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகிவிட்டது. நான் குறுக்கே போய் நின்றேன். என் கணவர், "ஏய், தள்ளி நில்லு, உன் மூஞ்சி ஆஸ்பத்திரியில கிடத்தின மாதிரி இருக்கு" என்றார். யூடானும் அங்கே வந்திருந்தான். "இதைப் போடுங்க அத்தான், மலைக்கு அந்தப் பக்கமே தெரியும்" என்றான். அதையே போட்டுக்கொண்டு வந்தோம். கடையில் எரிய வைத்துப் பார்த்தோம். அணைத்து அணைத்து அடித்துப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

எங்கள் பாதையில் விளக்கை அணைத்து அடிப்பது எதற்கு என்று சார்ஜென்ட் கேட்டார். போன தடவையும் கேட்டார், அதற்கு முன்னால் வேறொருவர் கேட்டார், மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ஒரு வண்டி மட்டும் போகிற வளைவுகள் நிறைய இருக்கின்றன. மூடுபனி இறங்கினால் எதிரே மலையா லாரியா என்று தெரியாது. அதனால் வளைவுக்கு முன்னால் எல்லாரும் வண்டியை நிறுத்தி முன்விளக்கை அணைப்பார்கள். நம் வெளிச்சம் இல்லாவிட்டால்தான் அந்தப் பக்கத்து வெளிச்சம் பனியில் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு தடவை டிப் அடித்துவிட்டு, அதாவது முன்விளக்கை மின்னவிட்டு, உள்ளே நுழையலாம். யாராவது ஏற்கெனவே வளைவுக்குள் இருந்தால், அவர் உடனே திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடித்தால், எவ்வளவு பெரிய மரலாரியாக இருந்தாலும் நின்றுவிடும். சின்ன வயதிலேயே இது எங்களுக்குத் தெரியும். டிப் அடிக்காமல் வளைவில் போனவன் என்று ஒருவனைச் சொன்னால், அவனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

புதுப் பல்பு போட்ட பிறகு ஒரு வித்தியாசம் நான் பார்த்தேன். முன்பெல்லாம் என் கணவர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்ததும் மூன்று முறை டிப் அடிப்பார். அதைப் பார்த்ததும் நான் எங்கள் வழக்கப்படி சோற்றை இலையில் பொதியத் தொடங்குவேன். புதுப் பல்புக்குப் பிறகு அந்த மூன்று வரவே இல்லை. நீலமாக ஒரு புள்ளி வந்து போகும், அல்லது அதுவும் வராது. வண்டி வாசலில் நிற்கும், சோறு இன்னும் பானையில் இருக்கும். "அடிச்சேனே, நீ தூங்கிட்டியா?" என்பார். நான் முற்றத்தில் நின்று, இப்ப அடி பார்ப்போம் என்றேன். அடித்தார். பல்பு பற்றுவதற்குள் அவர் கை விளக்குக் குச்சியை விட்டுவிட்டது. "புது மருமக மாதிரி, கூப்பிட்டா உடனே வெளிய வர மாட்டேங்குது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ரிலே ஒயர் வந்ததும் மஞ்சளுக்கே மாறிவிடுவோம் என்றார்.

அறுப்பு முடிந்த வாரம் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடையில் ஒயர் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையை வீசிக்கொண்டு திரும்பினார். நர்ஸ் ரினாய் முன்சீட்டில் இருந்தார். சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. அதன் பிறகு நடந்தது நான் கண்ணால் கண்டதல்ல, கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த ரினாய் என்னிடம் சொன்னது. வளைவுக்கு முன்னால் என் கணவர் நிறுத்தி, அணைத்துப் பார்த்து, டிப் அடித்து, நுழைந்திருக்கிறார். உள்ளே போனதும் மறுபடி அணைத்திருக்கிறார், அந்த வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூச வைத்ததால். அப்போது எதிர்ப்பக்கம் இரண்டு டிப் தெரிந்திருக்கிறது. மரம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்த லாரி. என் கணவர் விளக்குக் குச்சியை உடனே இழுத்திருக்கிறார். திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார். டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது, வெளிச்சம் வரவில்லை என்றார் ரினாய்.

லாரி ஓட்டிய உங்காங் என்பவர் தன் வாக்குமூலத்தில், எதிரே எந்த வெளிச்சமும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நின்றிருப்பேன் என்று சொல்லியிருக்கிறாராம். அவர் பொய் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்து வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் நீங்கள் எழுதி வைத்திருப்பதன் மேல். "விளக்கைப் பயன்படுத்தாமல், சைகை கொடுக்காமல் வளைவில் ஓட்டியதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எங்கள் ஊருக்கு எனக்கு முன்னாலேயே போய்விட்டது. இப்போது தேவாலயத்தில் என் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கிறது. யூடான் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறான். நான் ஒவ்வொரு தடவையும் அதே வளைவைக் கடந்துதான் இங்கே வருகிறேன். வந்தால், அதிகாரி இல்லை, நாளைக்கு வா என்கிறீர்கள்.

இன்று காலை சார்ஜென்ட் என்னை நிலையத்துக் கொல்லைக்கு அழைத்துப் போய், மீட்டு வைத்திருக்கும் எங்கள் வண்டியைக் காட்டினார். வலது விளக்கு உடையாமல் இருக்கிறது. ஒரு கான்ஸ்டபிள் வேறு பாட்டரியில் ஒயர் கொடுத்து அதை எரியவிட்டார். கண் கூசியது. "பாருங்கம்மா, இவ்வளவு நல்லா எரியுது. எரியலைன்னு சொல்றீங்களே" என்றார் சார்ஜென்ட்.

நான் சொன்னேன்: "எரியாதுன்னு யாரு சொன்னா? அணைங்க. அணைச்சுட்டு ஓட்டுறவன் மாதிரி ரெண்டு தட்டு தட்டுங்க."

கான்ஸ்டபிள் அணைத்துவிட்டுத் தட்டினார். நீலமாக ஒரு புள்ளி வந்து செத்தது. மறுபடி தட்டினார். அதுவும் வரவில்லை. சார்ஜென்ட் தானே குனிந்து குச்சியை இழுத்தார், விட்டார், இழுத்தார். பிறகு இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் மெதுவாக வெளிச்சம் ஏறியது.

"நீளமாப் புடிச்சா வருதே" என்றார் கான்ஸ்டபிள்.

"வளைவுக்குள்ள லாரி வர்றப்ப நீளமாப் புடிக்க உனக்கு யாருப்பா நேரம் குடுப்பா?" என்றேன். சார்ஜென்ட் அவரை உள்ளே போய் நாற்காலி எடுத்து வரச் சொன்னார்.

அதன் பிறகு, இதை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார். தனித் தாளில் எழுதுங்கள் என்றேன். எழுதினார். இறந்தவர் சைகை கொடுத்தார், விளக்கு உடனே எரியவில்லை என்று எழுதியதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். பழைய வரி என்ன ஆகும் என்று கேட்டேன். அதை மாற்றுவது மேலதிகாரி கையில் இருக்கிறது, இந்தத் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். அவர் கையொப்பம் இட்ட நகல் ஒன்று எனக்கு வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் அதைச் சத்தமாக வாசிப்பார்.

முடிவாக, ஹாரன் அடித்தாரா என்று சார்ஜென்ட் கேட்டார். ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்று ரினாய் சொல்கிறார். எங்கள் பாதையில் ஹாரன் எருமைக்கு அடிப்பதுதான், மனிதர்களுக்கு டிப்தான் என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்தத் தாள்களில் உள்ளதை எனக்குப் புரிகிற பேச்சில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, யாரையும் காப்பாற்றப் பொய் கலக்கவில்லை. கையொப்பத்துக்குப் பதில் என் இடது பெருவிரலை வைக்கிறேன்.

(பெருவிரல் ரேகை) யாமு லாபோ

ரேகை வைத்த பிறகு, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சார்ஜென்ட் கேட்டார். உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை, என் கணவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது, அதையும் எழுதுங்கள் என்றேன்.

அந்தப் பல்பு கூப்பிட்டா வராதுன்னு உனக்குத் தெரியுமே மூரு, முற்றத்துல நின்னு சிரிச்சியே, அப்புறமும் கை ஹாரன் பக்கம் போகாம அந்தக் குச்சியையே ஏன் இழுத்துக்கிட்டு இருந்தே?