கரும்புகையும் ஒரு டிரைவரும்

கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த லாரிக்காரர் தன் மைத்துனரிடம் சொன்னார்: "லாரிக்கு மூச்சு முட்டுனதுக்கு ஒரு மனுசனைத் திருடன்னு சொல்லிட்டேன் மாப்ள."

"வெவரமாச் சொல்லுங்க மச்சான்."

"ஆறு மாசமா ஒரே கரும்புகை. மைலேஜ் பாதியாப் போச்சு. டிரைவர்தான் டீசலை எடுத்து விக்கிறான்னு நெனச்சு வேலையை விட்டு நிப்பாட்டிட்டேன். பதினோரு வருசம் ஓட்டுனவன்."

"பெறகு?"

"புது டிரைவர் வந்தும் அதே புகை. இஞ்செக்டரை மாத்துனோம், பம்பைக் கழட்டுனோம். நேத்து மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டுனாக. செங்கச்சூளைத் தூசி அப்பிக் கெடக்கு. காத்து போகாம டீசல் சரியா எரியலையாம்."

"பழைய டிரைவர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஃபில்டரைப் பாருங்கன்னுதான் சொன்னான். தப்பிக்கப் பாக்குறான்னு நெனச்சேன்."

சின்னமனூர் வந்தது. லாரிக்காரர் எழுந்தார்.

"அவன் வீடு இங்கனதான். நீயும் வா மாப்ள. தனியாப் போகக் கூச்சமா இருக்கு."

"திருடன்னு சொல்றப்ப என்னையக் கூட்டிக்கிட்டா போனீக? நீங்களே போங்க."

லாரிக்காரர் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பேருந்து நகர்ந்தபோது மைத்துனர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மச்சான், சாப்பிடச் சொன்னா வேணாம்னு சொல்லிராதீக."