வெள்ளைப் புள்ளி

யாராவது தனியாகச் சாப்பிட்டால் எனக்குப் பொறுக்காது, ஐயா. என் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு மறைவிடம் தேடித்தருவது எங்கள் அமைப்பு. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று நன்கொடையாளர்கள் பார்க்க, இணையதளத்தில் ஒரு வரைபடம் செய்தேன். ஆளுக்கொரு புள்ளி, உதவிக்கொரு கோடு. உதவுபவர்கள் கடைப்பெயரோடு தெரிவார்கள். அந்தப் பெண்கள் தெரியக்கூடாது.

"அவங்க புள்ளிய மொத்தமா தூக்கிடு தம்பி. கோடும் வேணாம்" என்றார் பொறுப்பாளர் அம்மா.

ஒரு மனுஷியை அடியோடு அழிப்பது பாவமாகப் பட்டது. புள்ளியையும் கோட்டையும் வெள்ளையாக்கினேன். பின்னணியும் வெள்ளைதான்.

கையில் கட்டுப்போட்ட அக்கா ஒருத்தர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "என் புள்ளி வெளிய தெரியாதுல்ல?"

"தேடினாலும் தெரியாதுக்கா."

நான் பொய் சொல்லவில்லை.

அவர் கணவர் எங்கள் வாசலில் வந்து நிற்பார். காவலாளி விரட்டுவார், நான் தண்ணீர் கொடுப்பேன்.

"ஒரே ஒரு தடவ மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன் தம்பி. நீ நல்லா இருப்பே."

அழுகிறவரை நம்பாமல் கடவுள் முன்னால் எப்படி நிற்பது? முகவரியை நான் சொல்லவே இல்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, வெறுமையாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டினேன். "இங்க விரல வச்சு இழுங்கண்ணே."

ஒரு புள்ளியை இழுத்தால் அதோடு இணைந்த புள்ளியும் கூடவே வரும். அப்படித்தான் நிரல் எழுதியிருந்தேன். ஓரத்திலிருந்து ஒரு தையல்கடை மெல்ல நகர்ந்து வந்தது.

கிளம்பும்போது அவர் சட்டைக்குள் எதையோ சரிசெய்துகொண்டார். இடுப்புவார் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்கார அம்மா கதவைத் திறந்தது, நான் அனுப்பியதாக அந்த அண்ணன் சொன்னதால்தான் இருக்கும்; அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். அந்த அம்மாவும் பிழைக்கவில்லை, அக்காவும் பிழைக்கவில்லை. இருவருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் எல்லோர் கண்ணும் டிரைவர் மேல் திரும்பியது. அக்காவை அங்கே கொண்டுபோய் விட்டவர் அவர்தானே. யாரும் அவரோடு பேசவில்லை. மதியம் நான்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயும் என்னத்தான் சந்தேகப்படறியா?"

"சேச்சே, உங்களப் போயா அண்ணே? கூட்டு வச்சுக்குங்க."

அவரை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். விட்டுவிடுங்கள், ஐயா. காட்டிக்கொடுத்தது நான்தான்.

எழுதி முடித்துவிட்டால் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். காலையிலிருந்து எங்கள் வாசலில் இன்னொருவர் நின்று அழுதுகொண்டிருக்கிறார்.